நெப்போலியன் புத்தகம் வாங்கும் முன் மூன்று பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்

எங்கள் தெருவில் ஒரு தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறான். அவன் அப்பாவுக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "அண்ணா, நெப்போலியன் பத்தி நல்லதா ஒரு புக் சொல்லுங்க, ஒண்ணுதான் வாங்க முடியும்" என்றான். ஒன்றுதான் என்றால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கி வைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன்.

நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க், வந்துபோகும் சரக்கை எண்ணிக் குறிக்கும் வேலை. எண்ணூர் சாலையில் லாரி வரிசை அசையாமல் நிற்கும் ராத்திரிகளில் கையில் புத்தகம் இல்லாமல் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அதில் பாதி நெப்போலியன்தான்.

முதலில் வாங்கியது ஒரு மலிவுப் பதிப்பு. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். நெப்போலியன் குள்ளன், அதனால்தான் உலகத்தைப் பிடிக்க நினைத்தான் என்று முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. எகிப்தில் ஸ்பிங்க்ஸ் சிலையின் மூக்கை அவனுடைய பீரங்கிதான் உடைத்தது என்றும் இருந்தது. அதையெல்லாம் நம்பி நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, நோர்டன் என்ற டென்மார்க் பயணி 1737-லேயே மூக்கில்லாத ஸ்பிங்க்ஸை வரைந்திருக்கிறார் என்று. நெப்போலியன் பிறந்ததே 1769-ல்.

அதனால் இப்போது வாங்கும் முன் மூன்று இடங்களைப் புரட்டிப் பார்க்கிறேன். முதலில் உயரம். அவர் இறந்தபோது எடுத்த அளவு 5 அடி 2 அங்குலம். ஆனால் அது பழைய பிரெஞ்சு அளவு. பிரெஞ்சு அங்குலம் 2.71 சென்டிமீட்டர், ஆங்கில அங்குலம் 2.54. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டர் வருகிறது, நம் கணக்கில் ஐந்தரை அடி. அந்தக் காலத்துக்குச் சாதாரண உயரம். இந்தச் சின்னக் கணக்கைக்கூடப் போடாத ஆசிரியர் பெரிய விஷயங்களில் என்ன செய்திருப்பார்?

அடுத்தது யாஃபா, இன்றைய இஸ்ரேலில் இருக்கும் கடலோர ஊர். 1799 மார்ச்சில் அந்த ஊரைப் பிடித்த பிறகு, சரணடைந்த கைதிகளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். உத்தரவு நெப்போலியனுடையது. சோறு போட வழியில்லை, இனிப் போரிட மாட்டோம் என்று முன்பு வாக்குக் கொடுத்து விடுதலையானவர்களில் சிலர் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணங்களையும் எழுதட்டும், தவறில்லை. சம்பவத்தையே விட்டுவிட்ட புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1802 மே 20. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794-ல் அடிமை முறையை ஒழித்திருந்தது. நெப்போலியன் அதைச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். இன்று ஹைட்டி நாடாக இருக்கும் பிரெஞ்சுக் காலனிக்குத் தன் தங்கை கணவர் லெக்லேர் தலைமையில் படை அனுப்பினார். அங்கே தலைவராக இருந்த தூசேன் லூவெர்த்தூர் அடிமையாகப் பிறந்தவர். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டுக் கைது செய்து, பிரான்சில் ஒரு மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அந்தக் குளிரிலேயே செத்துப்போனார். லெக்லேரும் அவருடைய படையில் பெரும்பகுதியும் மஞ்சள் காய்ச்சலில் போனார்கள். 1804 ஜனவரி 1 அன்று ஹைட்டி சுதந்திர நாடு. சட்டத்தின் முன் ஆண்கள் எல்லோரும் சமம் என்ற நெப்போலியனின் சிவில் சட்டம் அதே 1804-ல்தான் வந்தது. அது ஒன்றை மட்டும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்துவிட்டு ஹைட்டியை ஒரு வரியில் தாண்டுகிற புத்தகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதே சட்டம் மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னது என்பதையும் பலர் எழுதுவதில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பெட்டி மேல் ஒட்டியிருப்பதைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. சீல் நம்பரைப் பார்க்கணும், திறந்து எண்ணணும். நெப்போலியன் தன் பெட்டிக்குத் தானே சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனவர். போர்க்களத்திலிருந்து அவர் வெளியிட்ட அறிக்கைகளை வைத்து, 'புல்லட்டின் மாதிரிப் பொய்' என்று பிரெஞ்சுக்காரர்களே பேசிக்கொண்டார்கள். செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இருந்தபோது லாஸ் காஸ் என்பவரிடம் பேசியதெல்லாம் 1823-ல் புத்தகமாக வந்து, ஒரு நூற்றாண்டுக்கு அதுவே வரலாறாகிவிட்டது. ஆகவே ஆசிரியர் எதை நம்பி எழுதியிருக்கிறார் என்பதைப் பின்பக்கக் குறிப்புகளில் பாருங்கள்.

சரி, என்னிடம் இருக்கிறவை. எல்லாமே ஆங்கிலப் புத்தகங்கள்.

எமில் லுட்விக் எழுதியதை மூர் மார்க்கெட்டில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். 1920-களில் ஜெர்மன் மொழியில் வந்தது. தீவு, காட்டாறு, ஆறு, கடல், பாறை என்று ஐந்து பாகம். நாவல் மாதிரி இழுத்துக்கொண்டு போகும், ஒரே ராத்திரியில் நூறு பக்கம் போனது. ஆனால் நெப்போலியன் மனதுக்குள் பேசுவது எல்லாம் ஆசிரியரின் கற்பனை. இரண்டாவது புத்தகமாகப் படிக்கலாம், முதலாவதாக வேண்டாம்.

வின்சென்ட் க்ரோனின், 1971. போர்களைக் குறைத்து மனிதனைச் சொல்கிறார். நெப்போலியன் மேல் பரிவு கூடுதல், அதை மனதில் வைத்துக்கொண்டு படிக்கணும். ஆனால் கூட இருந்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளில் யாரை எவ்வளவு நம்பலாம் என்று கடைசியில் தனியாக எழுதியிருக்கிறார். அந்தப் பகுதிக்காகவே நான் அவருக்குக் கடமைப்பட்டவன்.

ஒன்றே ஒன்று என்றால் ஆண்ட்ரூ ராபர்ட்ஸ் 2014-ல் எழுதியது. 800 பக்கத்துக்கு மேல். நெப்போலியன் போரிட்ட 60 களங்களில் 53-ஐ நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். புதிதாகப் பதிப்பிக்கப்பட்ட கடிதங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். அவரும் ரசிகர்தான், ஆனால் யாஃபாவையும் ஹைட்டியையும் மறைக்கவில்லை. ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்துப் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் தலைப்பு வேறு வேறு. இரண்டும் ஒரே புத்தகம். நான் இரண்டாவதையும் ஆர்டர் போட்டு, பிறகு ரத்து செய்தேன். ராபர்ட்ஸின் புகழ்ச்சி அலுத்தால் ஆடம் ஜமோய்ஸ்கி 2018-ல் எழுதியதை எடுங்கள், அவர் எதையும் லேசில் நம்பமாட்டார்.

நம் ஊர்க்காரர்கள் தேடிப் பார்க்க இன்னொரு இடம் இருக்கிறது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார், ஆங்கிலேயரின் இரும்புப் பிடியிலிருந்து உங்களை விடுவிக்க வந்திருக்கிறேன் என்று. அது ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். அந்தப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி அதற்கு முந்தைய வருடம் நம் சென்னைக்கு வந்து இறங்கியவர், பிறகு 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். வேலைக்கு லீவு போட்ட ஒரு நாள் ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி, கோட்டைக்குள் வெல்லெஸ்லி பெயரில் இருக்கும் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு வாட்டர்லூ அத்தியாயம் எனக்கு வேறு மாதிரி இருந்தது.

தம்பிக்கு ராபர்ட்ஸை வாங்கச் சொல்லிவிட்டேன். புத்தகம் வந்து சேரும்வரைக்கும் என் க்ரோனினைக் கொடுத்திருக்கிறேன். நேற்று ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். நெப்போலியன் முதன்முதலில் பெயர் எடுத்த தூலோன் முற்றுகை வரைக்கும் வந்துவிட்டானாம்.