ஹைட்ரோதெரபி மதிப்புரை: குளத்தைப் பார்க்குமுன் உடைமாற்றும் அறையைப் பாருங்கள்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை நீர் சிகிச்சைக்குச் சேர்க்கலாமா என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். 'தண்ணீரில் இறக்கினால் நடந்துவிடுவான்' என்பது ஒன்று. 'அது வெறும் குளியல், காசுக்குக் கேடு' என்பது மற்றொன்று. முதலாவது பொய். இரண்டாவது பாதி உண்மை. ஏனோதானோவென்று நடத்தும் இடங்களில் முழு உண்மை.

வெதுவெதுப்பான நீர் இறுகிக் கிடக்கும் தசையைச் சற்று நேரம் தளர்த்துகிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பை அது தொடுவதே இல்லை. ஆகவே கரையேறி உடல் குளிர்ந்ததும் இறுக்கம் திரும்பிவிடும். வகுப்பு 40 நிமிடம் என்றால் அதில் முதல் 10 நிமிடம் குழந்தை நீருக்குப் பழகவே சரியாகிவிடும். மிச்சமிருக்கும் அரை மணியையும், கரையேறியபின் கிடைக்கும் சொற்ப நேரத்தையும் ஒரு மையம் எப்படிச் செலவழிக்கிறது? எந்த மையத்தையும் நாங்கள் மதிப்பிடுவது இந்த ஒரே அளவுகோலால்தான். பளபளக்கும் டைல்ஸ், சுவரில் டால்பின் படம், மின்னும் விளக்குகள் எதற்கும் மதிப்பெண் கிடையாது.

முதலில் வெப்பநிலை. சிகிச்சைக் குளத்தின் நீர் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சாதாரண நீச்சல் குளம் 26 முதல் 28 டிகிரியில் இருக்கும். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் உடற்சூட்டை இழுத்துக்கொள்ளும். சதைப்பற்றில்லாத, தானாக அதிகம் அசையாத குழந்தைக்கு 28 டிகிரி நீர் என்பது கொஞ்ச நேரத்திலேயே உதடு வெளுக்கும் குளிர். நடுக்கம் என்பதே தசைச் சுருக்கம்தான். தளர்த்தக் கூட்டிப்போன தசையை நாமே இறுக்கிவிட்டுத் திரும்புவோம். அதற்காக வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம். 36 டிகிரிக்கு மேல் பயிற்சி செய்யும் குழந்தை சீக்கிரம் துவண்டுவிடும். பிறவியிலேயே தசை தளர்ந்த குழந்தையை 35 டிகிரி நீர் மேலும் துவளச் செய்யும். அவர்களுக்கு இரண்டு டிகிரி குறைவாக இருப்பதே நல்லது. 'வெதுவெதுப்பாத்தான் இருக்கும் சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள். நீரில் மிதக்கும் வெப்பமானியையும் தினசரிப் பதிவேட்டையும் காட்டச் சொல்லுங்கள். பதிவேடு இல்லாத இடத்தில் மேற்கொண்டு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆழம். பல மையங்கள் சறுக்குவது இங்கேதான். இடுப்பளவு நீரில் காலில் இறங்குவது உடல் எடையில் ஏறக்குறைய பாதி. நெஞ்சுக்குழி அளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். நடைப் பயிற்சிக்கு நெஞ்சுக்குழி அளவு பொருத்தமானது. அதைவிட ஆழமானால் குழந்தை மேலே தூக்கப்பட்டு நுனிக்காலில் நிற்கும். கெண்டைக்கால் தசை ஏற்கெனவே இறுகி, குதிகால் தரையில் படாத குழந்தைக்கு இது நேர் எதிரான பயிற்சி. 6 வயதுக் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 115 சென்டிமீட்டர். தரை முழுவதும் 120 சென்டிமீட்டர் ஆழமுள்ள குளத்தில் அந்தக் குழந்தையால் நிற்கவே முடியாது. ஏறி இறங்கும் தரையுள்ள குளம் சிறந்தது, ஆனால் அரிது. நீருக்குள் வைக்கும் கனமான மேடைப் பலகை இருந்தாலே போதும். அதன் கால்கள் வழுக்காமலும் மேல்பரப்பு சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும்.

வேகத்தையும் கவனியுங்கள். நீருக்குள் அசைவின் வேகம் இரட்டிப்பானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். தசையை வலுவாக்க இது பெரிய வசதி: எடைக்கட்டு எதுவும் இல்லாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே பயிற்சியைக் கடினமாக்கலாம், இலேசாக்கலாம். ஆனால் இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் அது திருப்பி இழுக்கும். முதல் பத்து நிமிடத்தில் சிகிச்சையாளரின் கைகள் நிதானமாக, ஏறக்குறைய சோம்பலாக நகர்கின்றனவா என்று பாருங்கள். அந்தச் சோம்பலுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

இறக்கும் விதம் இன்னும் முக்கியம். சரியாகச் செய்பவர்கள் குழந்தையைக் கரையோரம் உட்காரவைத்து, குளத்து நீரை அள்ளிப் பாதம், முழங்கால், கை என்று நனைப்பார்கள். சிகிச்சையாளர் குழந்தைக்கு எதிரே நீருக்குள் நிற்பார். குழந்தையின் இரு கைகளும் அவர் தோள்மேல் முன்னோக்கி இருக்கும். இடுப்பும் முழங்காலும் மடங்கிய நிலையிலேயே மெல்ல இறக்குவார்கள். தொடைகள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் குழந்தையை இடுப்பில் அமர்த்தி, கால்களை இருபுறமும் போட்டுக்கொள்வார்கள். தொடை விரிவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. மோசமான இடத்தில் அக்குளில் பிடித்துத் தொபுக்கென்று இறக்குவார்கள். திடுக்கிடும் குழந்தையின் கைகள் விரியும், முதுகு வில்லாக வளையும், அழுகை தொடங்கும். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்ததாகவே கொள்ளலாம்.

மல்லாத்தும்போது கையை எங்கே வைக்கிறார்கள் என்பது நல்ல சோதனை. பின்மண்டையை உள்ளங்கையால் மேலே தள்ளினால் பல குழந்தைகளுக்கு உடல் முழுவதும் பின்னோக்கி விறைக்கும். அனுபவசாலிகள் குழந்தையின் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டு, முன்கைகளால் முதுகைத் தாங்கி, முழங்கால்களைச் சற்று மடக்கி வைப்பார்கள். காதுக்குள் நீர் போகும்போது ஓசைகள் திடீரென மாறும். அதற்கும் குழந்தை திடுக்கிடும் என்பதால் தலையை உடனே அமிழ்த்த மாட்டார்கள். பிறகு உடலைப் பக்கவாட்டில் பாம்புபோல வளைத்து வளைத்து இழுத்துச் செல்வார்கள். விலாப்புறம் நீளும், மூச்சு ஆழமாகும். இந்த நிலைக்கு வந்தபின்தான் குழந்தையே செய்யும் அசைவுகள்: பொம்மையை எட்டுதல், உதைத்தல், மேடையில் எழுந்து நிற்றல், படியேறுதல். 40 நிமிடமும் குழந்தையை மிதக்கவிட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் அது சிகிச்சை அல்ல, தாலாட்டு.

பயிற்சி முறையின் பெயரைக் கேட்டால் 'ஹாலிவிக்' என்பார்கள் பலர். 1949 வாக்கில் லண்டனில் உள்ள ஹாலிவிக் பெண்கள் பள்ளியில், பாய்ம இயக்கவியல் அறிந்த பொறியாளர் ஜேம்ஸ் மக்மில்லன் தொடங்கிய முறை அது. பத்துப் படிகள்; முதல் படி நீருக்கு மனம் பழகுவது, இடையிலுள்ள படிகளில் நான்கு உடல் உருளுவதையும் சுழலுவதையும் கட்டுப்படுத்துவது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தை நீரில் அந்தப் பக்கமாகவே உருளும். தலையை மறுபக்கம் திருப்பி அதைத் தடுக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த முறையின் கெட்டிக்காரத்தனம். இதில் ஒரு குழந்தைக்கு ஒருவர். மிதவை கிடையாது. ஆகவே 'ஹாலிவிக் முறை' என்று பலகை வைத்துவிட்டு ஆறு குழந்தைகளுக்குக் காற்றுப்பட்டை மாட்டி ஒருவரே பார்த்துக்கொள்ளும் இடத்தில் பலகை மட்டும்தான் ஹாலிவிக். சுவிட்சர்லாந்தில் உருவான பாட் ராகாஸ் முறையில் கழுத்து, இடுப்பு, கணுக்கால் ஆகியவற்றுக்கு வளையங்கள் உண்டு. சொன்னதைப் புரிந்து எதிர்த்துத் தள்ளக்கூடிய பெரிய பிள்ளைகளுக்கு அது பயன்படும். தலை நிற்காத குழந்தைக்கு ஒத்துவராது.

மிதவைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தைச் சுற்றி மாட்டும் காற்று வளையத்துக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் இதற்கு எதிராகப் பகிரங்க எச்சரிக்கை வெளியிட்டது. ஒரு குழந்தை இறந்ததையும் இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் குறிப்பிட்டு, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சிகிச்சைக் கருவியாக இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்றது. காரணம் எளிது. காற்று கசிந்தாலோ முகவாய் நழுவினாலோ முகம் நீருக்குள் போய்விடும். கழுத்துத் தசை பலவீனமான குழந்தையால் தலையைத் தூக்க முடியாது. நழுவாவிட்டாலும் முழு உடலும் கழுத்தில் தொங்குகிறது. புயத்தில் மாட்டும் காற்றுப்பட்டை தோள்களை அகட்டி நிறுத்திவிடும். கைகள் நடுவே சேர வாய்ப்பே இல்லை. ஒரு பட்டையில் காற்று குறைந்தாலும் குழந்தை கவிழும். நூடுல் எனப்படும் நுரைத் தண்டு மலிவானது, உருப்படியானது. அக்குளுக்கடியில் கொடுத்தால் நிற்கவும், தொடைக்கு நடுவில் கொடுத்தால் குதிரைபோல் உட்கார்ந்து சமநிலை பழகவும் உதவும். ஆனால் குழந்தையின் கை பிடியை விட்டால் தண்டு வழுக்கி மேலே வந்துவிடும் என்பதால் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இருந்தே ஆக வேண்டும். உயிர்காப்பு ஜாக்கெட் படகுக்கானது. பயிற்சிக்கு அதைப் போட்டால் குழந்தை மல்லாந்து கிடப்பதைத் தவிர ஒன்றும் செய்யாது.

இப்போது தலைப்புக்கு வருவோம். நீரிலிருந்து வெளியே வந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் பெற்ற பலனில் பெரும்பகுதி கைநழுவுகிறது. 34 டிகிரி நீரிலிருந்து குளிரூட்டப்பட்ட நடைபாதை வழியாக, ஈரத் துணியோடு, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனால் உடை மாற்றும் இடத்தை அடைவதற்குள் முழங்கால் விறைத்திருக்கும். குளத்துக்குப் பக்கத்திலேயே கதவடைத்த, வெதுவெதுப்பான அறை வேண்டும். குழந்தையைப் படுக்கவைத்து உடைமாற்ற ஒரு மேசை வேண்டும். 10 வயதுப் பிள்ளையைத் தரையில் பாய் விரித்து மாற்றச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன; அம்மாக்களின் இடுப்பெலும்புக்கும் ஒரு மதிப்புரை எழுதத் தோன்றும். எடை கூடிய பிள்ளையைத் தூக்கிறக்க ஹாயிஸ்ட் எனப்படும் தூக்கு இயந்திரம் உள்ளதா, அதன் தொட்டில் துணி கிழியாமல் இருக்கிறதா, மின்சாரம் போனால் கையால் இறக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் இரண்டு துண்டு எடுத்துப்போங்கள்: ஒன்று கரையிலேயே போர்த்த, மற்றொன்று துவட்ட. முதலில் தலையைத் துவட்ட வேண்டும். துவட்டியதும் அந்தச் சூடு ஆறுமுன் தொடைப் பின்தசையையும் கெண்டைக்காலையும் மெல்ல நீட்டிப் பிடித்து, பிறகு காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட் மாட்டிவிட வேண்டும். விரலிடுக்கில் ஈரத்தோடு மாட்டினால் தோல் புண்ணாகிவிடும். இந்த நீட்டல் பயிற்சிக்கு வகுப்பு நேரத்திலேயே பத்து நிமிடம் ஒதுக்கும் மையம் கிடைத்தால் விடாதீர்கள்.

நீரின் சுத்தத்துக்குக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2 முதல் 7.8 என்பது பொதுவான அளவு. சூடான நீரில் குளோரின் வேகமாகத் தீரும், கிருமி வேகமாகப் பெருகும். ஆகவே நாளுக்குப் பலமுறை சோதிக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாடை. நீச்சல் டயப்பர் திட மலத்தைத்தான் ஓரளவு தாங்கும்; வயிற்றுப்போக்கை நிறுத்தாது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்தால் வகுப்பே வேண்டாம்.

காய்ச்சல், ஆறாத புண், பிரியாத தையல், மாவுக்கட்டு இருந்தாலும் அப்படியே. மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் வைத்த குழந்தைக்கு நீர் சிகிச்சை ஆபத்தானது. மருத்துவர் எழுதித் தராமல் யோசிக்கவே கூடாது. வயிற்றுக் குழாய் இருந்தால் துளை ஆறியிருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கடைசி உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது போயிருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைக்கு முகம் நீரில் படும் விளையாட்டுகள் வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வலிப்பு உண்டு என்பதால் சேர்க்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: 'நீருக்குள் வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?' முகத்தை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, சுவரிலிருந்து விலக்கி, உதறல் நின்றதும் கரையேற்றி மூச்சைப் பார்ப்போம் என்று தயங்காமல் சொல்ல வேண்டும். கரையில் இரண்டாவது ஆள் எப்போதும் இருக்க வேண்டும். 'அப்படி எதுவும் ஆகாது' என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

வீட்டில் காற்றடைத்த தொட்டி வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நீட்டிக் கிடந்து தசை தளரக் கைக்குழந்தைக்கு அது போதும். நிற்கவும் நடக்கவும் ஆழம் போதாது, சூடும் நிற்காது, குனிந்து குனிந்து பிடிப்பவர் முதுகு போகும். பொது நீச்சல் குளத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கென ஒதுக்கும் நேரம், ஓரளவு நடக்கக்கூடிய, துறுதுறுவென்ற பிள்ளைகளுக்கு நல்ல தேர்வு: கூட்டாளிகள் கிடைப்பார்கள், மூச்சு வலுப்படும். இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஜிஎம்எஃப்சிஎஸ் அளவில் 4, 5-ஆம் நிலையில் உள்ள, தானாக நடமாட மிகவும் சிரமப்படுபவர்களுக்குச் சூடான சிகிச்சைக் குளம்தான் சரி.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, இதுவரை நடந்தவற்றில் பெரும்பாலானவை சில பத்துக் குழந்தைகளோடு நடந்த சிறியவை. இயக்கத்திறனில் மிதமான முன்னேற்றம் தெரிகிறது. கரையில் செய்யும் பிசியோதெரபிக்குத் துணை என்பதற்கு மேல் இதைத் தூக்கிவைக்க முடியாது. வாரம் இரண்டு வகுப்பு, 8 முதல் 12 வாரம் என்று ஒரு சுற்றுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். நிலத்தில் அளக்க ஜிஎம்எஃப்எம் என்ற இயக்கத்திறன் சோதனை உண்டு. நீரில் அளக்க ஜெருசலேமின் ஆலின் மருத்துவமனையில் உருவான வோட்டா என்ற சோதனை உண்டு. எழுதித் தரும் அளவு வெறும் 'நல்ல இம்ப்ரூவ்மென்ட்' என்றில்லாமல் 'மேடையில் பிடிமானமின்றி 8 விநாடி நின்றது 20 விநாடியானது' என்ற மாதிரி இருக்க வேண்டும். அதே குழந்தை வீட்டுத் தரையில் எத்தனை விநாடி நிற்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 12 வாரத்தில் இரண்டாவது எண் அசையவே இல்லையென்றால் அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டுமுன் சிகிச்சையாளரோடு உட்கார்ந்து பேசுங்கள்.