எடைச் சீட்டுக்கு டெரைவ் போதுமா, கையால் எழுதணுமா?

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி எடைமேடையில் ஏறுகிறது. மொத்தம் 14,380 கிலோ, குலை இறக்கிய பின் வெறும் வண்டி 5,920, நிகரம் 8,460. இந்தச் சீட்டை ரஸ்ட் நிரல்மொழியில் ஸ்ட்ரக்டாக (பல புலங்களைச் சேர்த்துவைக்கும் டைப்பாக) எழுதியதுமே கேள்வி வந்துவிடும்: டீபக் (சோதனைக்காக அச்சிடுவது), ஈக் (சமத்தன்மை), ஹாஷ் (தேடலுக்கான சுருக்க எண்), ஆர்ட் (வரிசை) ஆகிய டிரெய்ட்களை, அதாவது டைப்புக்குரிய திறன்களை, கம்பைலரையே எழுதவிட்டு டெரைவ் செய்வதா, இம்ப்ல் போட்டுக் கையால் எழுதுவதா?

டெரைவ் செய்தால் கம்பைலர் புலம் புலமாக ஒப்பிடும் கோடை எழுதித் தரும். நாளைக்கு ஒரு புலம் சேர்த்தாலும் அது தானாகக் கணக்கில் சேரும். கையால் எழுதியதில் அந்தப் புலம் விடுபட்டால் கம்பைலர் வாய் திறக்காது. அதனால் கையால் எழுதுபவர்கள் எல்லாப் புலத்தையும் பெயர் சொல்லிப் பிரித்தெடுங்கள், இரட்டைப் புள்ளி போட்டு மிச்சத்தைத் தள்ளாதீர்கள். புதுப் புலம் வந்தால் கம்பைல் நின்றுவிடும்.

டெரைவின் பொறி ஆர்டில் இருக்கிறது. புலங்களை எழுதிய வரிசைதான் ஒப்பிடும் வரிசை. தேதிக்கு மேலே லோரி எண் இருந்தால் சீட்டுகள் லோரிவாரியாக அடுக்கப்படும். அழகுக்காக யாராவது மேல்கீழ் மாற்றினால் அறிக்கையும் மாறும், பிழைச் செய்தி வராது.

எடையை டன் கணக்கில் எஃப்64 (தசம எண்) ஆக வைத்தால் ஈக், ஆர்ட், ஹாஷ் மூன்றையும் டெரைவ் செய்ய முடியாது. எஃப்64-இல் உள்ள 'எண் அல்லாத' மதிப்பு தனக்கே சமமாகாது என்பதுதான் காரணம். கிலோவை யூ32-இலும் பணத்தைக் காசாக ஐ64-இலும், அதாவது முழு எண்களாக, வையுங்கள், தொல்லை விட்டது.

கையால் எழுதுவதில் அடி விழுவது பெரும்பாலும் பாதி எழுதும்போதுதான். ஒரு கிராணி லோரி எண்ணை இடைவெளி விட்டு அடிப்பார், இன்னொருவர் ஒட்டி அடிப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று, சமமா என ஒப்பிடும் பார்ஷியல்ஈக்கை மட்டும் கையால் எழுதி, ஹாஷை டெரைவிலேயே விட்டால் என்ன ஆகும்? ஒப்பிட்டால் சமம், ஹாஷ் வேறு. ஹாஷை வைத்துத் தேடும் அட்டவணையான ஹாஷ்மேப்பில் ஒரே லோரிக்கு இரண்டு கணக்கு ஓடும். ரஸ்ட் கோடைச் சோதிக்கும் கருவியான கிளிப்பி இதைப் பிடித்துச் சொல்லும், ஓட்டிப் பாருங்கள். ஆர்டிலும் இதே கதை: அதைக் கையால் எழுதி பார்ஷியல்ஆர்டை டெரைவில் விட்டால், பட்டியலை அடுக்கும் சார்ட் ஒரு வரிசையும், அடுக்கியே சேர்த்துவைக்கும் அட்டவணையான பிடிரீமேப் வேறு வரிசையும் காட்டும். முன்னது 'குறைவா' என்று பார்ஷியல்ஆர்டிடம் கேட்கிறது, பின்னது ஆர்டிடம் கேட்கிறது. பார்ஷியல்ஆர்ட், ஆர்டின் விடையையே 'சம்' (Some) என்ற உறைக்குள் வைத்துத் திருப்பட்டும்.

லோரி எண்ணுக்கு எங்கள் தேர்வு இரண்டுக்கும் நடுவில். வண்டி எண்ணுக்கென்று தனி டைப், உள்ளே ஒரே ஒரு மறைவான புலம். உருவாக்கும்போதே இடைவெளியை நீக்கிப் பெரிய எழுத்தாக்கிவிட்டால், பிறகு எல்லாவற்றையும் டெரைவே பார்த்துக்கொள்ளும்.

பயனருக்குக் காட்டும் வடிவைத் தரும் டிஸ்ப்ளேயில் பேச்சே இல்லை. ஸ்டாண்டர்ட் நூலகத்தில் அதற்கு டெரைவ் கிடையாது. டீபக்கைக் கையால் எழுத ஒரு நல்ல காரணம் உண்டு: சீட்டில் ஓட்டுநரின் 12 இலக்க ஐசி எண் இருந்தால், டெரைவ் அதை அப்படியே லாகில் கொட்டிவிடும்.

மதிப்பு எதுவும் தராமலே ஒரு சீட்டை உருவாக்கும் டிஃபால்ட்டை மட்டும் எந்த வழியிலும் சேர்க்காதீர்கள். லோரி எண் காலி, எடை 0 கிலோ: அப்படியொரு சீட்டை எந்த எடைமேடையும் அடிப்பதில்லை.