எல்இடி சுவரா, பச்சைத் திரையா: செய்தி ஸ்டுடியோவுக்கு எது தாங்கும்?

எங்கள் செய்தி ஸ்டுடியோவைப் புதுப்பிக்கலாம் என்று முடிவானதும் மூன்று யோசனைகள் வந்தன. மரமும் அக்ரிலிக்கும் வைத்துக் கட்டும் வழக்கமான செட், பச்சைத் திரை போட்டு, அந்தப் பச்சையை நீக்கி அதன் இடத்தில் கணினி வரைந்த பின்னணியை வைக்கும் விர்ச்சுவல் செட், பின்னால் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகளால் படம் காட்டும் எல்இடி சுவர். கடைசியில் எல்இடி சுவரையும் அதற்கு முன்னால் ஒரு நிஜ மேசையையும் எடுத்துக்கொண்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும். பச்சைத் திரையில் வேலை செய்த அனுபவமும் இருப்பதால், அதன் நல்லது கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மர செட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கேமராவில் நிஜமாகத் தெரியும், தாமதம் கிடையாது, மென்பொருள் தொங்கிப்போகும் என்ற பயமும் இல்லை. ஆனால் காலைச் செய்திக்கும் இரவு விவாதத்துக்கும் தேர்தல் நாளுக்கும் ஒரே முகம்தான். மாற்ற வேண்டுமானால் தச்சரைக் கூப்பிட வேண்டும். ஒரே ஒரு நிகழ்ச்சி மட்டும் நடக்கும் ஸ்டுடியோவுக்கு இது போதும்.

பச்சைத் திரையின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. சிறிய அறையில் உட்கார்ந்துகொண்டு பெரிய மண்டபத்தைக் காட்டலாம். பிபிசி 1993-லேயே தன் செய்திகளுக்குக் கணினியில் உருவாக்கிய பின்னணியைக் கொண்டுவந்துவிட்டது. 2018-ல் ஃபுளோரன்ஸ் புயலின்போது அமெரிக்காவின் தி வெதர் சேனல், தொகுப்பாளரைச் சுற்றிக் கடல் நீர் 3 அடி, 6 அடி, 9 அடி என்று ஏறுவதைக் காட்டியது. ‘9 அடி நீர்’ என்று எழுத்தில் போட்டிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. இந்த மாதிரி வேலைக்குப் பச்சைத் திரையை அடிக்க ஆளில்லை.

ஆனால் அது தினமும் கேட்கும் கூலி அதிகம். திரை முழுக்க வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும். வாசிப்பவர் திரைக்குப் பக்கத்தில் இருந்தால் பச்சை ஒளி திரும்பித் தோளிலும் தாடையிலும் படியும், அதனால் நன்றாகத் தள்ளி உட்கார வேண்டும். அப்படித் தள்ளி உட்கார இடம் வேண்டுமென்றால் ‘சின்ன அறை போதும்’ என்ற வாதமே பாதி அடிபட்டுப் போகிறது. மூக்குக் கண்ணாடி, பளபளக்கும் மேசை, தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளர், காதோரம் பறக்கும் முடி எல்லாம் தனித்தனித் தலைவலி. பச்சை உடுத்தக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மயில்கழுத்து நிறப் பட்டு மடிப்புக்கு மடிப்பு பச்சையாக மின்னும் என்பது ஒளிபரப்பில் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

அப்புறம் தாமதம். கேமரா நகர்ந்தால் பின்னணியும் அதே அளவு நகர வேண்டும். அதற்கு டிராக்கிங் கருவி கேமராவின் இடத்தையும் லென்ஸின் ஜூமையும் படித்து சர்வருக்கு அனுப்புகிறது, சர்வர் படத்தை வரைகிறது. இதற்குச் சில ஃப்ரேம்கள், அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்கள் ஓடும் நேரம், பிடிக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடி. கேமரா படத்தையும் மைக்கின் ஒலியையும் அதே அளவு தாமதப்படுத்தினால்தான் உதடும் சொல்லும் ஒட்டும். ஏற்கெனவே தாமதத்தோடு வரும் களச் செய்தியாளரிடம் இந்த ஸ்டுடியோவிலிருந்து பேசும்போது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்துகிற சங்கடம் இன்னும் கூடும்.

வாசிப்பவரின் கண் இன்னொரு பிரச்சினை. 2008 அமெரிக்கத் தேர்தல் இரவில் சிஎன்என் ‘ஹாலோகிராம்’ என்று, வேறு ஊரில் இருந்த ஒரு செய்தியாளரை ஸ்டுடியோவுக்குள் நிற்க வைத்தது நினைவிருக்கும். அந்தப் பக்கம் அவரைச் சுற்றி 35 கேமராக்கள். இந்தப் பக்கம் ஸ்டுடியோவில் தொகுப்பாளர் வுல்ஃப் பிளிட்சருக்கு எதிரே வெறும் தரை. அவ்வளவு அனுபவசாலி என்பதால் சமாளித்தார். எல்லா வாசிப்பாளரும் இல்லாத வரைபடத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டிவிட மாட்டார்கள். எல்இடி சுவரில் மாவட்டம் கண்ணெதிரே இருக்கிறது, திரும்பிப் பார்த்து விரலை வைத்தால் போதும். பேச்சிலேயே ஒரு நிதானம் வந்துவிடுகிறது.

சரி, எல்இடிக்கு வருவோம். விற்க வருபவர்கள் முதலில் பேசுவது பிக்சல் பிட்ச், அதாவது ஒரு விளக்குப் புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம். 1.9 மில்லிமீட்டர் பிட்ச் என்றால் முழு ஹெச்டி படத்தின் அகலமான 1920 புள்ளிகளுக்குச் சுவர் சுமார் 3.65 மீட்டர் அகலம் வேண்டும். 2.5 என்றால் 4.8 மீட்டர். பிட்ச் குறையக் குறைய விலை ஏறும். ஆனால் கேமராவில் நெளிகோடுகள் விழுவதைப் பிட்ச் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுவரின் கட்டமும் கேமரா சென்சாரின் கட்டமும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் அந்தக் கோடுகள் வருகின்றன. வாசிப்பவரைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் கொண்டுவந்து, அவர் முகத்தில் ஃபோகஸ் வைத்துச் சுவரைக் கொஞ்சம் மங்க விட்டால் பெரும்பாலும் போய்விடும். இதைச் செய்ய இடமில்லாத அறையில் 1.2 பிட்ச் வாங்கினாலும் நிம்மதி வராது.

பிட்ச்சைவிட நான் அதிகம் பார்க்கச் சொல்வது, குறைந்த வெளிச்சத்தில் சுவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை. இந்தச் சுவர்கள் 600 முதல் 1000 நிட்ஸ் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) வரை ஒளிரும். ஸ்டுடியோவிலோ பத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒன்றுக்குக் குறைத்துத்தான் ஓட்டுவோம், இல்லாவிட்டால் முகம் இருண்டுவிடும். அப்படிக் குறைக்கும்போது மலிவான சுவரில் அடர் நீலம் படிப்படியாக உடைந்து பட்டை பட்டையாகத் தெரியும். செய்திச் சேனல்களின் பின்னணி பெரும்பாலும் அடர் நீலம்தானே. ஆகவே டெமோவில் மலர்த்தோட்டத்தைப் போட்டுக் காட்டினால் பார்த்துவிட்டு, உங்கள் சொந்தப் பின்னணியைப் போடச் சொல்லுங்கள், உங்கள் கேமராவில் பாருங்கள். ரெஃப்ரெஷ், அதாவது சுவர் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது, 3840 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். சுவரின் நிற வெப்பநிலையை (வெள்ளை ஒளி மஞ்சள் பக்கமா, நீலப் பக்கமா என்ற அளவு) உங்கள் விளக்குகளோடு, 5600 கெல்வினோ வேறெதுவோ, ஒத்துப்போக வைக்கச் சொல்லுங்கள். வந்திறங்கும்போது அது பெரும்பாலும் நீலம் கூடியே இருக்கும்.

இதெல்லாம் ஒரு பக்கம். என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. புல்லட்டினுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஏதோ கெட்டுப்போகிறது. அப்போது ஸ்டுடியோவில் இருக்கிற ஆளால் என்ன செய்ய முடியும்?

பச்சைத் திரையில் கெட்டால் மொத்தமாகக் கெடும். டிராக்கிங் விட்டுப்போனால் மேசை தரையில் நிற்காமல் மிதக்கும். சில டிராக்கிங் முறைகளில் கூரையில் ஒட்டிய பிரதிபலிப்பு ஸ்டிக்கர்களைப் பார்த்துத்தான் கேமரா தன் இடத்தை அறிகிறது. விளக்கை இடம் மாற்றிய லைட்டிங் ஆள் நாலு ஸ்டிக்கரை மறைத்துவிட்டால் போச்சு. லென்ஸை மாற்றினால் மறுபடி அளவீடு. சர்வர் தொங்கினால் நேயர் பார்ப்பது சுத்தமான பச்சைச் சுவர். இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர் ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் இருந்தாக வேண்டும். அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் ஸ்டுடியோவே அவரோடு போன மாதிரி. தரை வேறு தொந்தரவு. செருப்புத் தடம் படிந்த இடத்தில் மட்டும் பெயின்ட் அடித்தால் புதுப் பச்சையும் பழைய பச்சையும் வேறு வேறாகத் தெரியும், முழுக்க அடிக்க வேண்டும்.

எல்இடி சுவர் துண்டு துண்டாகக் கெடும். சுவரில் அடுக்கிய சிறு பலகைகளான மாட்யூல்களில் ஒன்று கறுத்துப்போனால் மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இயக்குநர் ஷாட்டை ஒரு சாண் நகர்த்தினால் பழுது ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். இடைவேளையில், முன்பக்கமாகவே கழற்றக்கூடிய வகை என்றால், உறிஞ்சுக் கருவியை வைத்து இழுத்ததும் காந்தப்பிடி விட்டு மாட்யூல் கையோடு வரும். புதியதை வைத்தால் ‘டக்’ என்று ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பொறியாளர் வேண்டாம், பழக்கப்பட்ட ஃப்ளோர் உதவியாளரே செய்துவிடுவார்.

இதில் விற்பவர்கள் தாமாகச் சொல்லாத விஷயம் பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதி. ஒரு பேட்ச்சில் வந்த விளக்குகளின் நிறமும் ஒளியும் அடுத்த பேட்ச்சோடு அப்படியே ஒத்துப்போகாது. இரண்டு வருடம் கழித்து வாங்கிய மாட்யூலை நடுவில் பொருத்தினால், வெளுத்த வேட்டியில் போட்ட புது ஒட்டு மாதிரித் துல்லியமாகத் தெரியும். அதனால் சுவர் வாங்கும் அன்றே அதே பேட்ச்சிலிருந்து ஸ்பேர் மாட்யூல்களையும் வாங்கிவிட வேண்டும், ரசீதில் பேட்ச் எண்ணை எழுதச் சொல்லி வாங்க வேண்டும்.

வாங்கினால் மட்டும் போதாது. விளக்கு எரிய எரிய ஒளி குறையும். பெட்டிக்குள் பூட்டி வைத்த ஸ்பேர் இளமையாகவே இருக்கும், சுவர் மட்டும் வயதாகும். நாங்கள் செய்வது இது: ஸ்பேர்களை மேசை மறைக்கும் கீழ் வரிசையில் போட்டு எரியவிடுவோம், அங்கே இருந்தவற்றை எடுத்து வைப்போம், அவ்வப்போது சுழற்றுவோம். சுவரில் ஒரே இடத்தில் வெள்ளை லோகோவை நாள் முழுக்க நிறுத்தி வைப்பதும் கூடாது, அந்த இடம் மட்டும் சீக்கிரம் மங்கி, லோகோ போன பிறகும் அதன் நிழல் நிற்கும். நீண்ட விடுமுறையில் முழுவதுமாக அணைத்துப் போட்டால் ஈரம் ஏறும். திரும்ப ஆரம்பிக்கும்போது குறைந்த ஒளியில் கொஞ்ச நேரம் சூடாக்கிய பிறகே ஏற்ற வேண்டும். மின்சாரச் செலவும் ஏசிச் சுமையும் கூடுதல்தான், மறுக்கவில்லை.

கிராஃபிக்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்இடி போட்டதும் எழுத்து இரண்டு இடத்தில் வந்துவிடுகிறது: சுவரில் ஒன்று, திரையின் மேல் ஒன்று. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கச் செய்திச் சேனல்கள் திரையின் அடியில் ஓடவிட்ட எழுத்து வரியான டிக்கர் அதன்பின் உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது. இப்போது டிக்கர், லோயர் தேர்ட் (திரையின் கீழ்ப்பகுதியில் பெயரும் தலைப்பும் வரும் பட்டை), லோகோ, நேரம், எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரிலும் ‘பிரேக்கிங்’ என்று ஓடினால் நேயர் எதைப் படிப்பார்? எங்கள் விதி எளிது. வாசிப்பவரின் பின்னால் படம், நிறம், வரைபடம் மட்டும். சொற்கள் திரையின் மேல்தான்.

அந்தச் சொற்களிலும் தமிழுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ‘நாடாளுமன்றக் கூட்டத்தொடர்’ என்ற இரண்டு சொல்லே பட்டையில் பெரும்பகுதியை அடைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு வரைந்த டெம்ப்ளேட்டில் தமிழைப் போட்டால் ‘கீ’யின் மேல்சுழி பட்டைக்கு வெளியே போகும், ‘கூ’வின் வால் அறுபடும். பட்டையை உயரமாக வரைந்து ஒரே வரியோடு நிறுத்துவது நல்லது. எழுத்து எதுவும் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் 5 சதவீதத்துக்குள் வரக்கூடாது என்ற ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரையைப் பின்பற்றினால், வீட்டு டிவி ஓரத்தை வெட்டினாலும் கவலையில்லை.

எனக்கு அனுபவம் போதாத இடங்களும் உண்டு. எல்இடி சுவரோடு டிராக்கிங்கையும் சேர்த்துத் தரையிலிருந்து பொருள்களை எழுப்பும் முறையை நான் டெமோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன், தினசரிச் செய்திக்கு அது எப்படி நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. விளக்குச் சில்லுகளை நேரடியாகப் பலகையில் பதித்து மேலே பூசிவிடும் சிஓபி வகைச் சுவரில் மேற்பரப்பு கெட்டியாக இருப்பதால் கை பட்டு விளக்கு உதிர்வது குறைவு. ஆனால் பழுதானால் ஸ்டுடியோவில் வைத்து ஒற்றை விளக்கை மாற்றுவது கடினம், மாட்யூலைத் தயாரிப்பாளரிடம் அனுப்ப வேண்டிவரும். அப்படியானால் ஸ்பேர் இன்னும் கூடுதலாக வாங்க வேண்டும். இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் மாறி மாறி நடக்கிற, கிராஃபிக்ஸ் ஆட்கள் நிறைய உள்ள இடத்துக்குப் பச்சைத் திரை லாபமாக இருக்கலாம். வாசிப்பவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர்கூட இல்லாத அறைக்கு இரண்டுமே வேண்டாம். பின்னாலிருந்து ஒளியூட்டிய அச்சுப் பலகையும் ஓரத்தில் ஒரு பெரிய டிவியும் வைத்துக்கொள்ளலாம்.