பெட்ரோல் காருக்குள் டீசல் நாற்றம்

வாரக்கணக்கில் படிந்த புழுதியைக் கழுவத்தான் அந்த வாட்டர் வாஷ் கடைக்குப் போனேன். மறுநாள் அதிகாலை அம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பூரிலிருந்து பழனிக்குப் புறப்பட வேண்டும். “இஞ்சினையும் அடித்துக் கொடுக்கட்டுமா அண்ணா? 800 ரூபாய்தான், ஷோரூமில் இருந்து இறங்கின மாதிரி இருக்கும்” என்று கடைப் பையன் கேட்டான். தலையாட்டியது என் தப்பு. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர்கள் தப்பு.

வண்டியை நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பானெட்டுக்கு மேலே கை வைக்க முடியாத சூடு. அந்தச் சூட்டிலேயே எதையோ புகை மாதிரி அடித்தான். மூக்கில் ஏறியதும் தெரிந்தது, டீசல். “ஆயில் பிசுக்கு வேறு எதற்கும் போகாது அண்ணா, எல்லா வண்டிக்கும் இதுதான்” என்றான். டீசல் சுமார் 210 டிகிரி செல்சியஸில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ஓடி நின்ற வண்டியில், இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிடச் சூடாக இருக்கலாம். இதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அடுத்து பிரஷர் தண்ணீர். ஃபியூஸ் பெட்டியின் மேல் ஒரு பாலித்தீன் பையாவது சுற்ற வேண்டுமே? இல்லை. கடைசியில் ஒரு பாலிஷ். ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி பளபளத்தது, அதை மறுக்கவில்லை.

தாராபுரம் தாண்டுவதற்குள் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டீசலும் காய்ந்த பாலிஷும் கலந்த நெடி, ஏசி துவாரம் வழியாக நேரே முகத்துக்கு. சாலையோரம் இரண்டு முறை நிறுத்தி அம்மா வாந்தி எடுத்தார். கடைக்குப் போன் செய்தால், “பாலிஷ் வாசனைதான் சார், இரண்டு நாளில் போய்விடும்.” முந்தைய நாள் அண்ணா, இப்போது சார். திரும்பி வந்து வண்டியைக் கடையில் காட்டினேன். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. மல்லிகை வாசனைக் குப்பி ஒன்றைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, “இது இலவசம்” என்றார் முதலாளி. மல்லிகையும் டீசலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

மூன்றாம் நாள் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் இஞ்சினைப் பார்க்கவில்லை. முதலில் இடது பக்க டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்து ஏசி பில்டரை உருவினார். கன்னங்கரேலென்று ஊறிப்போன அட்டை. இரண்டு விரலால் அழுத்தினார், சொட்டியது. முன் கண்ணாடிக்கு அடியில், வைப்பர் இருக்கும் பள்ளத்தில்தான் காருக்குள் வரும் வெளிக்காற்றுக்கு வாசல். அங்கே தண்ணீர் வடியும் ஓட்டையைப் புங்க இலைகள் அடைத்திருந்தன. அடித்த டீசல் தண்ணீர் அங்கே தேங்கி, பில்டரை நனைத்து, முன் இருக்கைக்குக் கீழே கார்ப்பெட் வரை இறங்கியிருக்கிறது.

அதைவிட மோசம் ஒன்று. இஞ்சின் அறைக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே, பானெட்டை மூடினால் அழுந்திக்கொள்ளும் ஒரு நீள ரப்பர் உண்டு. இஞ்சின் காற்று உள்ளே வராமல் தடுப்பது அதுதான். கழுவும்போது பிடுங்கியவர்கள் பாதியை மாட்டிவிட்டு மீதியைத் தொங்கவிட்டிருந்தார்கள். “டீசல் நாறியதே நல்லதுங்க” என்றார் மெக்கானிக். “சைலன்சர் பக்கம் எங்காவது கசிவு இருந்து, அந்தப் புகையும் இந்த வழியாக வந்திருந்தால்?” கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. எனக்கு வயிற்றைப் புரட்டியது அப்போதுதான்.

ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் நின்று, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்றும் கெட்டுப்போயிருந்தது. வண்டி குலுங்கியதற்கும், இடையிடையே அழுகிய முட்டை நாறியதற்கும் அதுதான் காரணமாம்: சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போனால் அப்படி நாறும். எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய்.

ஏற்கெனவே கழுவிவிட்டு இதைப் படிக்கிறவர்கள் வாசனைக் குப்பி வாங்காமல் மூக்கை நம்புங்கள். பாலிஷ் நெடி மட்டும் என்றால் சில நாள் ஓட்டத்தில் குறையும். இனிப்பான நெடி வந்தால், இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கசிகிறது. பிளாஸ்டிக் கருகினால் வயரிங், வண்டியை நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் நாறினால் சாவியையே திருப்ப வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள். ரப்பர் பொசுங்கும் வாடை என்றால் இஞ்சின் பெல்ட்டில் டீசல் பட்டு வழுக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சினைக் கழுவியே ஆக வேண்டும் என்பவர்கள் ஆறிய வண்டியைக் கொடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். என்னைக் கேட்டால், இஞ்சின் அழுக்காக இருப்பதால் எந்த வண்டியும் நின்றதில்லை.

மெக்கானிக் கொடுத்த ரசீதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “எங்கள் பில்லைக் காட்டுங்கள், பார்க்கலாம்” என்றார் முதலாளி. பில் போட்டால் வரி சேரும் என்று அவரே சொல்லித்தான் நான் வாங்காமல் விட்டேன். கார்ப்பெட் நான்கு நாளாக மொட்டைமாடியில் காய்கிறது. அடுத்த கிருத்திகைக்குப் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.