பஸ் நடுவழியில் நின்றுவிட்டால் எந்த டிக்கெட் கைகொடுக்கும்?

டிக்கெட் எடுக்கும்போது நாம் பார்ப்பதெல்லாம் ஏசி உண்டா, படுக்கையா சீட்டா, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான். பாதி வழியில் பஸ் புகை கக்கி நின்றால் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, ஒரு நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரம் மூன்று மணி நேரம் நிற்க நேரும்வரை. டிக்கெட்டில் இருந்த எண்ணை அழைத்தால் அது முன்பதிவுச் செயலியின் எண். "நாங்கள் டிக்கெட் விற்றுத் தருபவர்கள் மட்டும்தான் சார்" என்றார்கள். ஓட்டுநர் "ஆபீசுக்குச் சொல்லியாச்சு" என்றார். ஆபீஸ் போனை எடுக்கவே இல்லை. அதற்கப்புறம்தான் இந்த விதிகளை எல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பஸ் கிளம்பும் முன் நடக்கும் குளறுபடிக்குச் சட்டங்கள் தாராளமாக வாரி வழங்குகின்றன. கிளம்பிய பின் நடுவழியில் நடப்பதற்குக் கஞ்சத்தனம் காட்டுகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று ஏற்பாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: பஸ் பயணிகளின் உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் போட்ட 181/2011 ஒழுங்குமுறை, அமெரிக்க மத்திய அரசின் விதிகள், இந்திய மோட்டார் வாகனச் சட்டமும் அதன் கீழ் மாநிலங்கள் போட்ட விதிகளும். அப்புறம் தனி சீட்டு, முழு பஸ் வாடகை, சுற்றுலா பேக்கேஜ் என்று நாம் போடும் ஒப்பந்தத்தின் வகைக்குப் போகலாம், ஏனென்றால் உண்மையான வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் பிரேக்டவுன். ஐரோப்பிய விதி 2013 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது, பேச்சுக்குப் பேச்சு எல்லோரும் மேற்கோள் காட்டுவதும் இதைத்தான். 250 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓடும் வழக்கமான சேவை, முனையத்திலிருந்து கிளம்ப 120 நிமிடத்துக்கு மேல் தாமதமானால், அல்லது ரத்தானால், அல்லது இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றிருந்தால், மாற்று வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதா பணத்தைத் திருப்பித் தருவதா என்று பயணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கவே இல்லை என்றால் டிக்கெட் பணத்தோடு அதில் பாதித் தொகையை இழப்பீடாகவும் தர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் 90 நிமிடத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பினால் சாப்பாடு, சிற்றுண்டி. ராத்தங்க வேண்டியிருந்தால் ஓர் இரவுக்கு 80 யூரோ வரை, அதிகபட்சம் இரண்டு இரவுக்கு அறை. கடுமையான வானிலை, பெரிய இயற்கைச் சீற்றம் என்றால் மட்டும் அறைச் செலவு கிடையாது. கேட்கவே நன்றாக இருக்கிறது, இல்லையா?

ஆனால் இந்தப் பட்டியல் முழுக்க ஒரே வார்த்தையில் தொங்குகிறது: கிளம்புதல். ஓடிக்கொண்டிருக்கும் பஸ் நின்றுபோனால் அதற்கென்று இருப்பது 19-ஆம் பிரிவில் ஒரு சின்ன உட்பிரிவு. பஸ் நின்ற இடத்துக்கே வேறு வண்டி அனுப்பிப் பயணத்தைத் தொடரச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பயணிகளை அங்கிருந்து காத்திருக்கத் தகுந்த ஓர் இடத்துக்கோ முனையத்துக்கோ கொண்டுபோய், அங்கிருந்து பயணம் தொடர வழி செய்ய வேண்டும். எத்தனை நிமிடத்துக்குள் என்று இல்லை. ஐந்து மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தீர்களா, அதற்கென்று இந்த விதியில் ஒரு யூரோகூட இழப்பீடு இல்லை. 250 கிலோமீட்டருக்குக் குறைவான சேவை என்றால் இந்த உட்பிரிவே பொருந்தாது.

இந்தியப் பக்கம் வந்தால் ஒரு வேடிக்கை. யாரும் பேசாத ஒரு பழைய விதி பல மாநிலங்களின் மோட்டார் வாகன விதிகளில், ஓட்டுநர் நடத்துநர் கடமைகளுக்கு நடுவே கிடக்கிறது. ஆளுக்கொரு கட்டணம் வாங்கி ஏற்றி இறக்கும் 'ஸ்டேஜ் கேரியேஜ்' பஸ் பழுதாகியோ வேறு காரணத்தாலோ மேலே போக முடியாவிட்டால், பயணிகளை அதே மாதிரியான வேறு வண்டியில் அனுப்பி வைக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் அது முடியாவிட்டால், கேட்கும் பயணிக்கு மீதித் தூரத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். அரை மணி நேரம்! ஐரோப்பியர்கள் எழுதாமல் விட்ட கெடு இங்கே இருக்கிறது. குறைகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை: 'கேட்டால்' என்ற சொல் இருக்கிறது, கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் யார்? நடுராத்திரி ஆளரவமில்லாத சாலையில் மீதிக் கட்டணத்தைக் கையில் வாங்கி என்ன செய்வது? இருந்தாலும் ஓர் எண் இருக்கிறது, அதை வைத்துச் சண்டை போடலாம்.

பிரச்சினை 'ஸ்டேஜ் கேரியேஜ்' என்ற சொல்லில்தான். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பயணி வண்டிகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஆளுக்கொரு கட்டணம் வாங்கிக்கொண்டு வழியில் ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் கேரியேஜ். மொத்த வண்டியையும் ஓர் ஒப்பந்தத்தில் பேசி, அந்த ஒப்பந்தத்தில் இல்லாத ஆட்களை வழியில் ஏற்றாமல் போவது கான்ட்ராக்ட் கேரியேஜ். பல தனியார் நெடுந்தூர பஸ்கள் இரண்டாவது வகை பர்மிட்டில் ஓடிக்கொண்டு, சீட்டு சீட்டாக டிக்கெட் விற்கின்றன. பயணி கையில் இருப்பது சீட்டு டிக்கெட், வண்டியின் பர்மிட்டோ மொத்த வாடகைக்கானது; அரை மணி நேர விதியைக் காட்டினால் "அது எங்களுக்கு இல்லை" என்று சொல்ல இடம் இருக்கிறது. மிச்சம் இருப்பது, சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதுதான்.

அமெரிக்க விதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் வழக்கமான தடச் சேவைகளுக்கு, 'பயணத் திட்டம் கெடும்படி நிறுவனம் ஏற்படுத்தும் சிரமத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு வாக்கியம். நேரக்கெடு, தொகை, அறை, சாப்பாடு எதுவும் இல்லை. 'முடிந்தவரை' என்றால் எதுவரை என்பதை நிறுவனத்தின் சொந்த நிபந்தனைகள்தான் சொல்ல வேண்டும். அந்த நிபந்தனைகளை எழுதுவதும் அதே நிறுவனம்தான்.

ஆக பிரேக்டவுனுக்கு என் கணக்கில், எழுத்தளவில் இந்திய ஸ்டேஜ் கேரியேஜ் விதிதான் கூர்மையானது, ஐரோப்பியம் அடுத்தது, அமெரிக்கா கடைசி. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

விபத்து என்று வந்தால் இந்த வரிசை மாறுகிறது. ஐரோப்பிய விதியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் உண்டு. ஒன்று இழப்பீடு: எவ்வளவு என்பது அந்தந்த நாட்டுச் சட்டப்படி, ஆனால் அந்த நாடு உச்சவரம்பு வைத்தால் அது ஒரு பயணிக்கு 2,20,000 யூரோவுக்குக் கீழே இருக்கக் கூடாது. இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது: விபத்து நடந்த உடனே நியாயமான அளவில் முதலுதவி, உணவு, உடை, போக்குவரத்து, தங்குமிடம் தர வேண்டும், அப்படித் தருவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்றும் எழுதியிருக்கிறார்கள். உதவி செய்தால் நாளைக்கு வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து ஒதுங்கும் நிறுவனத்துக்கு அந்தச் சாக்கே இல்லாமல் செய்த வரி அது.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்யும் கடமையை ஓட்டுநர் மேல் வைக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 164-ஆம் பிரிவின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் தீர்ப்பாயத்தில் 166-ஆம் பிரிவில் மனு, அதே திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்தது. அமெரிக்காவில் இப்படி நிலையான தொகை கிடையாது, ஆனால் மாநிலம் தாண்டி வாடகைக்கு ஓடும் ஓட்டுநர் உட்பட 16 பேரோ அதற்கு மேலோ ஏற்றக்கூடிய வண்டிக்குக் குறைந்தது 50 லட்சம் டாலர் காப்பீடு கட்டாயம். வழக்கு போட்டு ஜெயித்தால் வாங்கப் பணம் இருக்கும் என்று அர்த்தம். ஜெயிக்க வேண்டும், அதுதான்.

பழுதும் விபத்தும் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் 1973-இல் ஜெனீவாவில் எழுதப்பட்ட சர்வதேசப் பேருந்துப் பயணி ஒப்பந்த உடன்படிக்கை ஒன்று உண்டு, சில நாடுகளே சேர்ந்தன. கவனமான நிறுவனம்கூடத் தவிர்த்திருக்க முடியாத சூழ்நிலை என்று காட்டினால் அதில் தப்பிக்கலாம். ஆனால் ஓட்டுநரின் உடல், மனக் கோளாறையோ வண்டியின் பழுதையோ காரணம் காட்டித் தப்ப முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். 'பிரேக் ஃபெயில் ஆகிவிட்டது, நாங்கள் என்ன செய்ய' என்ற வசனத்துக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'உயிருக்கும் காயத்துக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்று அச்சடிக்கும் வழக்கத்துக்கு பிரிட்டன் 1981-ஆம் ஆண்டுப் பொதுப் பயணி வாகனச் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலேயே ஆப்பு வைத்தது, அப்படி ஒரு நிபந்தனை இருந்தாலும் அது செல்லாது.

பை, பெட்டி விஷயம் சின்னது. ஐரோப்பாவில் ஒரு பைக்கு 1,200 யூரோ என்று ஓர் எண் சுற்றுகிறது, அது விபத்தில் போன பைக்கு ஒரு நாடு வைக்கும் உச்சவரம்பு அதற்குக் கீழே இறங்கக் கூடாத அளவு. டிக்கியிலிருந்து யாரோ தூக்கிக்கொண்டு போனால் அது உதவாது. அமெரிக்காவில் பைகளுக்கான பொறுப்பை நிறுவனம் ஆளுக்கு 250 டாலருக்குக் கீழே குறைக்க முடியாது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், வேறென்ன.

இப்போது ஒப்பந்தத்தின் வகை. கல்யாணத்துக்கோ அலுவலகச் சுற்றுலாவுக்கோ முழு பஸ்ஸையும் பேசி எடுக்கும்போது, அதிகப் பணம் கொடுப்பதால் அதிகப் பாதுகாப்பு என்று நினைப்போம். நேர்மாறு. ஐரோப்பிய விதியில் இப்படிப்பட்ட தனி வாடகைப் பயணத்துக்கு விபத்துப் பிரிவுகள் பொருந்தும். தாமதம், ரத்து, நடுவழிப் பழுது பற்றிய அத்தியாயம் முழுக்கப் பொருந்தாது. மாற்று வண்டி எத்தனை மணி நேரத்தில், எந்தத் தரத்தில், வராவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பொதுவான ஒப்பந்தச் சட்டம்தான் துணை. அதிலும் கையெழுத்துப் போட்டவர் ஒருவர், பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நாற்பது பேர். பணம் திரும்பக் கேட்கும் உரிமை பெரும்பாலும் அந்த ஒருவரிடம்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது ஓட்டுநரின் நேரக் கணக்கை, ஏனென்றால் பழுதைவிடப் பெரிய சிக்கல் சில நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, பொதுவாக ஒரு நாளைக்கு 9 மணி நேர ஓட்டம். அமெரிக்காவில் பயணி வண்டி ஓட்டுநருக்கு 10 மணி நேர ஓட்டம், 15 மணி நேரப் பணி வரம்பு. சாலையோரத்தில் மெக்கானிக்குக் காத்திருந்த நேரம் ஸ்டியரிங் பிடித்த நேரமல்ல, ஆனால் பணி நாளைத் தின்றுவிடும். வண்டி சரியாகிவிட்டது, ஓட்டுநருக்கு நேரம் முடிந்துவிட்டது, அவர் ஓட்டக் கூடாது. இரண்டாவது ஓட்டுநருக்கும் அவர் தங்குவதற்கும் யார் பணம் கொடுப்பது? பல வாடகைத் தாள்களில் விடை 'வாடகைக்கு எடுத்தவர்'. கூடவே 'வேறு நிறுவன வண்டியை அனுப்பும் உரிமை எங்களுக்கு உண்டு' என்ற வரியும் இருக்கும். அந்த வண்டியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

பேக்கேஜ் இதில் எல்லாவற்றையும்விட வசதி, குறைந்தபட்சம் ஐரோப்பாவில். 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, பஸ்ஸும் அறையும் சேர்த்து விற்றவர்தான் மொத்தத்துக்கும் பொறுப்பு, பஸ் யாருடையதாக இருந்தாலும் சரி. பயணி சிக்கலில் இருந்தால் தாமதிக்காமல் உதவ வேண்டும். தவிர்க்க முடியாத அசாதாரணச் சூழ்நிலையால் திரும்ப முடியாமல் போனால் மூன்று இரவு வரை தங்கும் செலவு அவருடையது. வெறும் பஸ் டிக்கெட் மட்டும் பேக்கேஜ் ஆகாது, இரண்டு வகைச் சேவையாவது சேர்ந்திருக்க வேண்டும். கூட்டமாகப் போய் ராத்தங்குவதாக இருந்தால் நான் இதையே எடுப்பேன். தனியாகப் போனால் நேரடியாக நிறுவனத்திடம் வாங்கிய சீட்டு டிக்கெட். தனி வாடகையை நானாக எழுதிச் சேர்த்த நான்கு வரிகள் இல்லாமல் எடுக்க மாட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது, புகார் செய்ய வேண்டும் என்றால் ஐரோப்பிய விதியில் நிறுவனத்துக்கு எழுத மூன்று மாதம்தான் நேரம், அவர்கள் ஒரு மாதத்துக்குள் ஏதாவது சொல்லியாக வேண்டும், இறுதிப் பதில் மூன்று மாதத்துக்குள். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பஸ் நின்ற நேரம், மாற்று வண்டி வந்த நேரம், வண்டி எண் தெரியும்படி ஒரு போட்டோ, இந்த மூன்றையும் அங்கேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு எடுக்கவில்லை.