ஆல்ஃபா அலை: வாயிற்காவலனா, தூதுவனா?

கூட்டத்தில் நீலச் சட்டை போட்ட நண்பரைத் தேடும்போது மற்ற நிறங்கள் கண்ணில் பட்டும் படாமலும் போய்விடும். அது குறிக்கோளின் வேலை. அவர் வரும் நேரம் நெருங்கியதும் யாரோ ஒருவரைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு அசடு வழிகிறோமே, அது எதிர்பார்ப்பின் வேலை. இரண்டிலும் மூளையின் மின் அலைத் தாளங்களுக்குப் பங்கு உண்டு என்பதை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படி என்று கேட்டால்தான் இரண்டு கட்சி.

முதல் கட்சிக்கு ஆல்ஃபா அலை ஒரு வாயிற்காவலன்; அது பெருகும் இடத்தில் தகவலுக்குத் தடை. நொடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் இந்த அலையைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதினார். கண்ணை மூடினால் பெருகும், திறந்தால் அடங்கும். ஆளைத் திரையின் நடுப்புள்ளியையே பார்க்கச் சொல்லி, இடப்பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்றைக் காட்டுங்கள். கண் அசையாது, திரையில் வேறெதுவும் வராது. அதற்குள்ளேயே இடப்பக்கக் காட்சியைக் கவனிக்கும், மூளையின் வலது பின்பகுதியில் ஆல்ஃபா குறைகிறது. இடது பின்பகுதியில் கூடுகிறது. வேண்டாத பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்கிறது மூளை! எனக்கு இந்தக் கட்சியில் பிடித்தது இதுதான், பொருள் வருவதற்கு முன்பே வேலை தெரிகிறது. ஆனால் கதவுக்கு இடம் தெரியும், நீலம் தெரியுமா?

அங்கேதான் இரண்டாம் கட்சி நுழைகிறது. மூளையின் மேல்மட்டப் பகுதிகள் கணிப்பைக் கீழே அனுப்புகின்றன, கீழிருந்து பிழை (கணிப்புக்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாடு) மட்டும் மேலே போகிறது என்பது ராவ், பாலார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1999-இல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி. குரங்குகளின் பார்வைப் புறணியில் (பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கில்) பதிவு செய்தபோது, வேகமான காமா அலை மேல்நோக்கியும், அதைவிட மெதுவான ஆல்ஃபா, பீட்டா அலைகள் கீழ்நோக்கியும் போவது தெரிந்தது. பிறகென்ன, ஆல்ஃபாவும் பீட்டாவும் கணிப்பைச் சுமக்கும் தூதுவர்கள் ஆகிவிட்டன. இங்கே கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. தபால் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்தால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிடாது. கீழே வருவது கணிப்பாகவும் இருக்கலாம், 'சத்தம் போடாதே' என்ற வெறும் அதட்டலாகவும் இருக்கலாம்.

சரி, என் ஓட்டு? குறிக்கோளுக்குக் காவலன். எதிர்பார்ப்புக்குத் தூதுவன், அதுவும் அரை மனதோடு. காரணம் அந்த அம்புக்குறிதான். பல சோதனைகளில் அது 'இங்கே பார்' என்றும் சொல்கிறது, 'பொருள் இங்கேதான் வரும்' என்றும் சொல்கிறது. ஓர் அம்பு கவனத்தை மட்டும், இன்னொன்று வாய்ப்பை மட்டும் சொல்லும்படி பிரித்து அளந்தால்தான் வழக்கு நகரும்.