கிவ்வெல் தளம்: வன்னிக்கு உதவ விரும்புவோருக்கு எந்தளவு பயன்படும்?

நன்கொடையை எந்த நிறுவனத்துக்குக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் சேவைகளுள் அமெரிக்காவில் இயங்கும் கிவ்வெல் முதன்மையானது. முதலீட்டு நிறுவனமொன்றில் வேலை செய்த ஹோல்டன் கார்னொஃப்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்ட் ஆகிய இருவரும், தாம் கொடுக்கும் பணத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று தொண்டு நிறுவனங்களிடம் கேட்டுத் தெளிவான பதில் கிடைக்காத நிலையில், 2007 இல் இதைத் தொடங்கினார்கள். பணம் கொடுக்கலாம் என்று இது பரிந்துரைக்கும் அமைப்புகளின் முதன்மைப் பட்டியல் மிகச் சிறியது. அதில் இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வேலை செய்யும் அமைப்பு எதுவும் இல்லை. ஆயினும் வன்னிக்குப் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் இத்தளத்தைப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அப்பட்டியலில் மலேரியாத் தடுப்புக்கு முக்கிய இடம் உண்டு. அதன் காரணத்தை நம் மண்ணில் வாழ்ந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளர் என்ற அளவுக்கு ஒடுங்கியிருந்த மலேரியா, தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபோது அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கில் மறுபடியும் பெருகியது. மருந்தூட்டிய நுளம்புவலை, வீட்டுச் சுவர்களுக்கு மருந்து தெளித்தல், காய்ச்சல்காரரைத் தேடிச் சென்று இரத்தம் சோதித்தல் ஆகியவை ஆண்டுக்கணக்கில் விடாமல் நடந்ததன் பயனாகவே, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இன்று அதே வேலை ஆபிரிக்க நாடுகளில் மிகக் குறைந்த செலவில் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது என்றால், உதவி முதலில் அங்கே போவது நியாயம்தான்.

இச்சேவையின் பெரும் பலம் அதன் வெளிப்படைத்தன்மை. ஓர் உயிரைக் காக்கச் சில ஆயிரம் டொலர் செலவாகும் என்று சொல்லும் இத்தளம், அது ஒரு மதிப்பீடு மட்டுமே என்று எச்சரித்து, கணக்கிட்ட தாள்களையும் பொதுவில் வைக்கிறது. தன் தவறுகளுக்கென்றே தனிப்பக்கம் வைத்திருக்கிறது. வறியவர் கையில் நேரடியாகக் காசு கொடுக்கும் கிவ்டைரெக்ட்லி அமைப்பை நீண்ட காலம் பரிந்துரைத்துவிட்டு, 2022 இல் தன் அளவுகோலை உயர்த்தியபோது முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதற்கான காரணத்தையும் விளக்கியது. நம் ஊர் அறக்கட்டளைகளிடமும் இந்த நேர்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

வன்னிக்கே கொடுக்க விரும்புபவர், இத்தளம் கேட்கும் கேள்விகளை இங்கே கொண்டுவர வேண்டும். நம் பணம் வராவிட்டாலும் இந்த வேலை நடந்திருக்குமா என்பது அவற்றுள் தலையாயது. எளிதில் போய்வரக்கூடிய ஏ9 பிரதான வீதியோரப் பாடசாலைக்குப் புத்தகப்பை கொடுக்கப் பழைய மாணவர் சங்கமும் வங்கியும் வெளிநாட்டு உறவுகளும் முன்வரக்கூடும். துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்கிராமங்களில் அதே தொகை வேறெவரும் செய்யாத ஒன்றைச் செய்யக்கூடும். கிராம அலுவலரிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் விசாரித்தால் யாருக்கு ஏற்கெனவே என்ன கிடைத்தது என்பது தெரியவரும். கொடுத்த பொருளை யார் பராமரிப்பார்கள் என்பது அடுத்த கேள்வி. செயற்கைக்கால் தேய்ந்துபோகும் பொருள். வளரும் பிள்ளைக்கு அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கால் பொருத்தும் விழாவுக்குப் பணம் கேட்பவரிடம், பழுதுபார்க்கும் பட்டறை எங்கே இருக்கிறது, பயனாளி அங்கே போய்வரும் செலவை யார் கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டும். பூநகரி போன்ற கரையோரப் பகுதியில் கிணறு வெட்டித் தருவதாகச் சொல்பவரிடம், கோடையின் கடைசியில் அந்த நீர் உவர்க்காமல் இருக்குமா என்று சோதித்தீர்களா எனக் கேட்பதும் இதே வகையானது.

நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடக் கூடாது என்ற கிவ்வெல்லின் நிலைப்பாட்டை நான் முழுமையாக ஏற்கிறேன். “ஒரு சதமும் நிர்வாகத்துக்கு எடுப்பதில்லை” என்ற வாசகம் நம்மவர்களிடையே பெரிதும் மதிக்கப்படுகிறது. ஆனால் கணக்கு எழுதவும், பயனாளியின் வீட்டுக்கு மறுபடி போய்ப் பார்க்கவும் ஆள் இல்லாத அமைப்பு, தன் உதவி பலித்ததா என்பதை எப்படி அறியும்?

இத்தளத்தின் அளவுகோல் எட்டாத இடங்களும் உண்டு. முன்பு போர்முனையாக இருந்த முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற அமைப்புகள் செய்துவரும் கண்ணிவெடி அகற்றல் அவற்றுள் ஒன்று. காப்பாற்றிய உயிர்களை மட்டும் எண்ணினால் அது செலவு மிகுந்த வேலையாகவே தெரியும். தென்னங்காணியை இழந்து பல ஆண்டுகள் உறவினர் வளவில் குடியிருந்த குடும்பம் தன் நிலத்துக்குத் திரும்புவதன் பெறுமதி அந்தக் கணக்கில் சரியாக அடங்காது. அத்தகைய பணிக்குக் கொடுப்பவர், எத்தனை சதுர மீற்றர் துப்புரவானது என்பதுடன் நின்றுவிடாமல், விடுவித்த காணியில் மக்கள் குடியேறிப் பயிர் செய்கிறார்களா என்றும் விசாரிப்பது நல்லது.

தளம் ஆங்கிலத்தில் இருப்பதும், ஆய்வறிக்கைகள் மிக நீளமாக இருப்பதும் நம் வாசகருக்குச் சிரமமே. ஆனாலும் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ஓர் அமைப்பைப் பற்றிய அறிக்கையை நிதானமாகப் படித்தால் கேட்கும் முறை பிடிபட்டுவிடும். அதன்பின் உள்ளூர்ச் சங்கத்திடம் கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் தருபவர்களுக்கு முதலில் சிறுதொகை அனுப்பி, அடுத்த மாரி கழிந்தபின் போய்ப் பார்த்தோ, அங்குள்ள நம்பிக்கையானவரிடம் விசாரித்தோ மிகுதியைக் கொடுக்கலாம்.